முள் எண் 28

நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான் ஹுவான் ஆற்றின் குறுக்கே 1962இல் நவஹோ அணை கட்டி முடிக்கப்பட்டது. அணையின் ஆழத்திலிருந்து மதகு வழியே வெளியேறும் நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் குளிரில் ஓடுகிறது. அந்த நீரில் வளரும் வானவில் டிரவுட் மீன்கள் அரை மீட்டர் நீளத்தை எட்டுகின்றன. இவ்வளவு பெரிய மீன் நாளெல்லாம் எதைத் தின்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமுள்ள பூச்சிகளே அதன் முதன்மை உணவு. மீனின் உடல் நீளத்தில் நூறில் ஒரு பங்குகூட வராத இரை அது.

டிரவுட் நமக்கு முற்றிலும் அந்நியமான மீன் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் அதற்கென ஒரு குஞ்சு பொரிப்பகமே அமைந்தது. ஆனால் அதைப் பிடிக்கும் முறைதான் நம் ஆற்றங்கரைகளில் காணாதது. மண்புழுவோ மாவோ கோக்காமல், தூண்டில் முள்ளின்மேல் இறகும் மயிரும் நூலும் சுற்றி ஒரு போலிப்பூச்சி செய்கிறார்கள். அதற்கு எடை இல்லையென்றே சொல்லலாம். கனமான நூலை வீசி, அந்த வீச்சின் வேகத்தில் பூச்சியை நீர்மேல் இறக்குகிறார்கள். முட்களுக்கு எண் உண்டு, எண் ஏற ஏற முள் சிறுக்கும். 12, 14 என்பவை சாதாரண அளவுகள். 20க்கு மேல் போனால் சிறுமுள். 28ஆம் எண் முள்ளின் நீளம் ஏறத்தாழ 4 மி.மீ. அதற்கும் கீழே 32 வரை விற்கிறார்கள்.

இந்தச் சிறுமுட்களை அளவுக்கு மீறிய நுணுக்கம் என்று ஒதுக்குவோர் தூண்டில்காரர்களிலேயே உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. பெரிய போலிப்பூச்சியை அப்படியே சுருக்கினால் சிறிய போலிப்பூச்சி வந்துவிடாது. மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியதும் தண்ணீரின் நடத்தையே மாறிவிடுகிறது. அங்கே வேறொரு இயற்பியல் ஆட்சி செய்கிறது. அந்த ஆட்சியைப் புரிந்துகொண்டவர்கள் கட்டிய பூச்சிகள்தாம் மீனை ஏமாற்றியிருக்கின்றன.

முதலில் இரையைப் பார்ப்போம். சான் ஹுவான் டிரவுட்டுகள் தின்பவற்றில் பெரும்பகுதி மிட்ஜ் எனப்படும் பூச்சிகள். பார்வைக்குக் கொசு, ஆனால் கடிக்காது. உயிரியலாளர்கள் கைரோனோமிடே என்ற குடும்பத்தில் வைக்கும் இவை நம் குளங்களிலும் ஏராளம். வண்ணமீன் வளர்ப்போர் ‘பிளட் வார்ம்’ என்று வாங்கிப் போடும் சிவப்புப் புழு இக்குடும்பத்தின் இளம்புழுதான். சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். பூச்சி இனத்தில் இது மிக அரிது. ஆக்சிஜன் அருகிய சேற்றிலும் அந்தப் புழுவால் மூச்சுவிட முடிவது இதனால்தான். குளிரும் இவற்றை அடக்கிவிடுவதில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில டிரவுட் ஓடைகளில் டயமிசா என்ற மிட்ஜ் நடுக்குளிர்காலத்தில் இறக்கை முளைத்து வெளியேறிப் பனிமீது நடந்து திரிகிறது. மைனஸ் 20 டிகிரிக்கு அருகே வரை அதன் உடல்நீர் உறைவதில்லை. மற்றப் பூச்சிகள் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் டிரவுட்டின் வயிறு காயாமல் இருப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

புழு, கூட்டுப்புழுவாகி, வளர்ந்த பூச்சியாக மாறும் நேரத்தில் அடிமண்ணை விட்டு மேலே வரவேண்டும். கூட்டுத் தோலுக்கு அடியில் சேரும் வாயு அதை மெல்ல உயர்த்துகிறது. வழியெல்லாம் சிக்கலில்லை, சிக்கல் நீர்ப்பரப்பை எட்டிய பிறகுதான்.

பள்ளியில் பரப்பு இழுவிசை படித்திருப்போம். நீர்ப்பரப்பு இழுத்துக்கட்டிய ஒரு மென்தோலைப்போல் நடந்துகொள்ளும். அதன் வலு மீட்டருக்கு ஏறத்தாழ 0.073 நியூட்டன். நமக்கு இது ஒன்றுமே இல்லை. குளிக்க இறங்கும்போது அப்படியொரு தடை இருப்பதையே உணர்வதில்லை. ஆனால் கணக்கை 4 மில்லிமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நீளமுள்ள, நீரில் நனையாத கம்பி கிடைமட்டமாக மிதந்தால், இருபுறமும் சேர்ந்து 8 மி.மீ. விளிம்பைப் பரப்பு தாங்கிப் பிடிக்கிறது. அது சுமக்கக்கூடிய உச்ச எடை சுமார் 60 மில்லிகிராம். ஒன்றிரண்டு மில்லிகிராம் எடையே உள்ள மிட்ஜ் கூட்டுப்புழுவுக்கு எதிரே நிற்பது தன் எடையைப்போலப் பன்மடங்கு வலுவுள்ள தடை. அதைக் கிழித்து, முதுகு பிளந்து, பழைய தோலையே படகாக்கி அதன்மேல் ஏறி நின்று பறக்கவேண்டும். பல பூச்சிகள் அந்தத் தடைக்கு அடியிலேயே தொங்கி நிற்கின்றன. சில பாதி வெளியே வந்து, இறக்கை நனைந்து, அப்படியே மடிகின்றன.

டிரவுட் இதை நன்கு அறிந்த வேட்டைக்காரன். பென்சில்வேனியாவின் ஸ்புரூஸ் கிரீக் ஓடையில் ராபர்ட் பேக்மன் என்ற ஆய்வாளர் பழுப்பு டிரவுட்டுகளை நெடுங்காலம் கூர்ந்து கவனித்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார். காட்டு டிரவுட் அலைந்து திரிந்து வேட்டையாடுவது குறைவு. நீரோட்டம் தணியும் ஒருசில இடங்களைத் தேர்ந்து, நாள்தோறும் அதே இடங்களில் நின்று, மிதந்துவரும் உணவை எடுத்துக்கொள்கிறது. பண்ணையில் வளர்ந்து ஓடையில் விடப்பட்ட மீன்களோ வீணே அலைந்து ஆற்றலைச் செலவழித்தன, தின்றதும் குறைவு. டிரவுட்டின் வாழ்க்கை வரவுசெலவுக் கணக்கால் ஆனது. ஒரு மிட்ஜில் கிடைக்கும் ஆற்றல் சொற்பம்தான். ஆனால் அது தப்பி ஓடாது, துரத்தவேண்டாம், நூற்றுக்கணக்கில் ஒரே பாதையில் வந்துகொண்டே இருக்கும். மீன் பரப்புக்குச் சில விரற்கடை கீழே நின்று மூக்கை மட்டும் உயர்த்தினால் போதும். வரவு செலவை மிஞ்சிவிடுகிறது.

இதே பென்சில்வேனியாவில், கார்லைல் நகரை ஒட்டி ஓடும் லீட்டார்ட் என்ற சுண்ணாம்பு ஊற்றோடையில்தான் சிறுபூச்சிக் கலையின் முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று நிகழ்ந்தது. வின்சென்ட் மரினாரோவும் அவருடைய நண்பர் சார்லி ஃபாக்ஸும் கோடை நண்பகல்களில் டிரவுட்டுகள் மேலெழுந்து எதையோ தின்பதைப் பார்த்தார்கள். நீர்மேல் எதுவும் தெரியவில்லை. மரினாரோ கரையில் குப்புறப் படுத்து, கண்ணை நீர்ப்பரப்பின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தார். புல்வெளியிலிருந்து விழுந்த மிகச்சிறிய எறும்புகளும் வண்டுகளும் தத்துப்பூச்சிகளும் பரப்பில் ஒட்டிக்கொண்டு மிதந்து வந்தன. தத்துப்பூச்சியை நம் பருத்தி, வெண்டை விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. அந்த மீன்கள் நீர்வாழ் பூச்சிகளைத் தின்னவில்லை. நிலத்திலிருந்து தவறி விழுந்தவற்றைத் தின்றன. அதுவரை ஆங்கில மரபில் எழுதப்பட்ட நூல்கள் பெரும்பாலும் நீரிலிருந்து எழும் பூச்சியையே பேசின. 1950இல் வெளிவந்த ‘எ மாடர்ன் டிரை ஃபிளை கோட்’ என்ற தம் நூலில் மரினாரோ அந்த மரபைத் திருப்பிப் போட்டார்.

அவர் தத்துப்பூச்சிக்குக் கட்டிய போலியில் உடலே கிடையாது. முள்ளின் தண்டில் கோழிக் கழுத்திறகு ஒன்றைச் சுற்றி, மேலும் கீழும் கத்தரித்துவிட்டு, அதன்மேல் ஒரே ஒரு சிறு இறகைத் தட்டையாகப் படியவைத்தார். கீழேயிருந்து பார்க்கும் மீனுக்குத் தேவை தடிமன் இல்லை, நிழலுருவின் வடிவம் மட்டுமே என்பது அவருடைய வாதம். படியவைத்த அந்த இறகு எங்கிருந்து போனது தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திலிருந்து. சேவலின் கழுத்து இறகு நுனியில் அரக்கு பூசினாற்போல் கெட்டியான, பளபளக்கும் புள்ளி உண்டு. நீரில் ஊறாது, கலையாது. விக்டோரியா காலத்திலிருந்தே ஐரோப்பியத் தூண்டில்காரர்கள் இந்த இறகுக்காக ஏங்கினார்கள். அந்த ஏக்கத்துக்கு விலை கொடுத்தவை நம் காட்டுப் பறவைகள். இன்று இந்தியச் சட்டம் அப்பறவையைக் காக்கிறது. வெளிநாடுகளில் வளர்ப்புப் பறவைகளின் இறகோ செயற்கை இறகோ பயன்படுகிறது. இறகு இல்லாமலும் மரினாரோவின் தத்துவம் நிற்கிறது என்பதே எனக்கு நிறைவளிக்கும் செய்தி.

மரினாரோ சொன்ன நிழலுருவை மீன் எப்படிப் பார்க்கிறது? நீருக்கடியிலிருந்து மேலே நோக்கும் கண்ணுக்கு வானம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். ஒளி காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது வளைவதால், கண்ணிலிருந்து விரியும் 97 டிகிரிக் கூம்புக்குள் மட்டுமே வெளியுலகம் புலப்படும். ஸ்னெல் சாளரம் என்பது அதன் பெயர். அதற்கு வெளியே முழு அக எதிரொளிப்பு. நீர்ப்பரப்பு கண்ணாடியாகி ஆற்றின் அடித்தளத்தையே திருப்பிக் காட்டும். மீனின் கண் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதைப்போல் இரண்டேகால் மடங்கு சாளரத்தின் விட்டம். 10 செ.மீ. ஆழத்தில் நின்றால் சாளரம் ஒரு சாண் அகலம்தான். மிட்ஜ் தின்னும் டிரவுட் பரப்பை ஒட்டி நிற்பதால் அதன் உலகம் அவ்வளவு குறுகிவிடுகிறது. பூச்சி அந்தச் சாணுக்குள் வந்து விழாவிட்டால் மீன் அதைத் தெளிவாகப் பார்ப்பதே இல்லை. கொழுத்த இரை மிதந்து போகையில் டிரவுட் அசையாமல் நின்றதைத் திமிர் என்று எழுதியவர்கள் உண்டு. இந்த வடிவியலை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

சாளரத்துக்கு வெளியே, கண்ணாடிப் பகுதியில் நடப்பது இதைவிடச் சுவையானது. பரப்பின்மேல் நிற்கும் பூச்சியின் உடல் அங்கே மீனுக்குத் தெரியாது. கால்கள் அழுத்திய குழிகள் மட்டும் ஒளிப்புள்ளிகளாக மின்னும். பரப்பைத் துளைத்துத் தொங்கும் கூட்டுப்புழுவோ முழு உடலோடு தெரியும். ஆகவே பரப்பின்மேல் நிற்கும் போலியும் பரப்பில் தொங்கும் போலியும் மீனுக்கு இரண்டு வேறு பொருள்கள். டிரவுட்டின் கண் நுண்விவரங்களைப் பிரித்தறிவதில் மனிதக் கண்ணுக்குப் பின்தங்கியதே. ஆனாலும் ஒரு சாண் தொலைவில் நின்று பார்க்கையில், அளவு பிசகிய போலியை ஒதுக்குவதற்கு அந்தக் கண் போதும்.

இனிக் கட்டும் மேசைக்கு வருவோம். இங்கேதான் எண்கள் கைவேலையை ஆள்கின்றன. 28ஆம் எண் முள்ளின் கம்பி 0.3 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். மிக மெல்லிய 30 டெனியர் நைலான் நூலின் தடிமன் 0.06 மி.மீ. தண்டின் நீளத்துக்கு ஒரே ஓர் அடுக்குச் சுற்றினாலே இருபுறமும் சேர்ந்து உடல் 0.42 மி.மீ. ஆகிவிடும். அதாவது 40 விழுக்காடு பருமன் கூடிவிட்டது. இரண்டாவது அடுக்கு போட்டால் மிட்ஜின் மெலிவு போயிற்று. பெரிய போலிகளில் பத்துச் சுற்றுப் போட்டு இறுக்கிப் பழகிய கை இங்கே மூன்றில் நிறுத்தக் கற்கவேண்டும். நூலின் முறுக்கைப் பிரித்துத் தட்டையாக்கிச் சுற்றுவது ஒரு வழி. முள்ளின் நுனிக்கும் தண்டுக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. உடல் பருத்து அதை அடைத்துக்கொண்டால் முள் மீனின் வாயில் ஏறவே ஏறாது.

மிதக்கவைக்கும் முறையும் மாறுகிறது. பழைய மரபில் முள்ளைச் சுற்றி விறைப்பான கோழியிறகை அடர்த்தியாகக் கட்டுவார்கள். கனமான முள் மூழ்காதிருக்க அது தேவை. மேலே போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 0.3 மி.மீ. கம்பியில் செய்த சிறுமுள் முழுவதும் சேர்ந்து 5 மில்லிகிராம். பரப்பு தாங்குவதோ 60. லேசாக எண்ணெய்ப் பசை இருந்தால் வெறும் முள்ளே மிதக்கும். எல்லா அளவுகளையும் பத்து மடங்காக்கினால் எடை ஆயிரம் மடங்கு ஏறும், தாங்கும் விசை பத்து மடங்குதான் ஏறும். 600 மில்லிகிராம் தாங்கும் பரப்பின்மேல் 5,000 மில்லிகிராம் இறங்க, முள் நேரே அடிக்குப் போய்விடும். சிறுமுள்ளில் இறகை அள்ளிக் கட்டுவது தேவையற்றது என்பதோடு கெடுதலும்கூட. அது போலியைப் பரப்புக்கு மேலே தூக்கி நிறுத்திவிடும். மீனோ பரப்பில் சிக்கியதைத் தேடிக்கொண்டிருக்கிறது.

கொலராடோவின் சவுத் பிளாட் ஆற்றில் 1970களில் ரிம் சங் என்பவர் கட்டிய ஆர்எஸ்2 என்ற போலி இதை அழகாகப் புரிந்துகொண்டது. வாலுக்கு இரண்டே இழை, உடலுக்கு நீர்நாய் போன்ற பீவரின் அடிமயிர் கொஞ்சம், முதுகில் எழும்பத் தொடங்கும் இறக்கையின் ஒரு குறிப்பு. பரப்பில் பாதி வெளிவந்து தவிக்கும் பூச்சி அது. இன்னொரு தந்திரம் மிச்சிகன் மாநிலத்தின் ஜார்ஜ் கிரிஃபித் பெயரால் வழங்குகிறது. அவர் 1959இல் தொடங்கப்பட்ட டிரவுட் அன்லிமிடெட் என்ற நன்னீர்ப் பாதுகாப்பு அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். மயில் தோகை இழையை உடலாகச் சுற்றி, அதன்மேல் வரிக்கோழியின் இறகை நெடுக ஓட்டிய எளிய போலி. மிட்ஜுகள் இணைசேரும்போது ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு உருண்டையாக மிதக்கும். தனிப்பூச்சியை 28இல் கட்டத் திணறுகிறவர், அந்தத் திரளை 18ஆம் எண்ணில் கட்டிக்கொள்ளலாம். மீன் இரண்டையும் ஏற்கிறது.

முள்ளுக்கு முன்னே கட்டும் தங்கூசி நரம்பைப் பற்றி ஒரு கணக்கு. அதன் மெலிவை எக்ஸ் எண்ணால் குறிப்பார்கள். 11இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது வரும். 7 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 4 பங்கு, அதாவது 0.1 மி.மீ. மெல்லிய நரம்பை மீன் பார்க்காது என்பதே அதன் பயன் எனப் பலர் நம்புகிறார்கள். எனக்கு அதைவிட வலுவான காரணமாகப் படுவது விறைப்பு. நரம்பின் அறுபடும் வலு தடிமனின் இருமடியைப் பொறுத்தது. வளைய மறுக்கும் விறைப்போ நான்மடியைப் பொறுத்தது. 0.15 மி.மீ. நரம்பை விட்டு 0.1க்கு வந்தால் வலு பாதிக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது, விறைப்பு ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது. சில மில்லிகிராம் எடையுள்ள போலி, விறைத்த நரம்பின் நுனியில் கட்டுண்டால் நீரோடு போகாது. நரம்பு சொன்ன பக்கம் போகும். சுற்றியுள்ள உண்மையான பூச்சிகளெல்லாம் நீரின் ஒவ்வொரு சுழிப்புக்கும் இசைந்து மிதக்க, இது ஒன்று மட்டும் இழுபட்டு நகர்வதை மீன் தவறவிடுவதில்லை.

மீன் கவ்வியதும் வெட்டி இழுக்கக்கூடாது. மெல்லிய கம்பியின் நுனி பதிய மிகக் குறைந்த விசை போதும். கோலை உயர்த்தினாலே பதிந்துவிடும். இவ்வளவு சிறிய போலி பத்தடித் தொலைவில்கூடக் கண்ணுக்குத் தெரியாததால், பலர் அதை ஒரு பெரிய போலியின் பின்னால் முழ நீளத்தில் கட்டி, முன்னதைப் பார்த்தே கணிக்கிறார்கள். மெல்லிய நரம்பில் மீனை நெடுநேரம் ஆட்டினால் அதன் தசையில் லாக்டிக் அமிலம் ஏறும். நீர் 20 டிகிரியைத் தாண்டிய நாள்களில் அப்படிப் போராடிய டிரவுட்டை மீண்டும் நீரில் விட்டாலும் பிழைக்காமல் போகலாம். அந்த நாள்களில் தூண்டிலை எடுக்காமலிருப்பதே சரி.

இத்தனை திறமையும் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அமெரிக்காவின் மேற்கே புகழ்பெற்ற சிறுமுள் ஆறுகள் பலவும் அணைக்குக் கீழே ஓடுபவை. அரிசோனாவில் கிளென் கேன்யன் அணை 1963இல் கொலராடோ ஆற்றை மறித்தது. அதன் கீழேயுள்ள லீஸ் ஃபெரியில், கறுப்பு நூலும் வெள்ளிக் கம்பியும் மட்டுமே சுற்றிய வரிக்குதிரை மிட்ஜ் என்ற போலி பிறந்து உலகெங்கும் பரவியது. அங்கே மிட்ஜும் கருப்பு ஈயும் ஏராளம். ஆனால் பெரிய பூச்சிகளான மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ் மூன்றும் ஏறக்குறைய இல்லை. ஆழத்து நீரின் மாறாத குளிர் ஒரு காரணம்: வெயிலுக்கு ஏற்ப ஏறி இறங்கும் வெப்பநிலையை வைத்தே காலம் கணிக்கும் பூச்சிகளுக்கு அங்கே காலமே இல்லை.

தியோடர் கென்னடியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் இன்னொரு காரணத்தை வெளிக்கொணர்ந்தார்கள். அதே ஆற்றில் அணைக்குக் கீழே கிராண்ட் கேன்யன் வழியே படகு ஓட்டும் வழிகாட்டிகள், இரவுதோறும் முகாமிட்ட இடத்தில் விளக்குப்பொறி வைத்துப் பூச்சி பிடித்துக் கொடுத்தார்கள். 2,500க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. ஆற்றில் இறங்கி ஓர் ஆய்வுக்குழு தனியாகச் செய்ய முடியாத வேலை அது. கிடைத்த விடை இது: மின்தேவை ஏறும் பகலில் அணை அதிக நீர் விடுகிறது, இரவில் குறைக்கிறது, ஆற்றில் நாள்தோறும் ஓதமும் வற்றமும். இப்பூச்சிகளில் பல, நீர் விளிம்பில் உள்ள கல்லில் முட்டையை ஒட்டுகின்றன. நீர் உயர்ந்திருக்கும் நேரத்தில் ஒட்டிய முட்டை, நீர் இறங்கியதும் வெயிலில் கிடந்து சில மணி நேரத்தில் காய்ந்து சாகிறது. ஆண்டுக்கு ஒரே தலைமுறை காணும் பூச்சி இதைத் தாங்காது. பலமுறை இனம் பெருக்கும் மிட்ஜ் தாங்குகிறது. சிறுமுள் அங்கே கோலோச்சுவதற்கு அணையின் மின்கணக்கும் காரணம்.

2018 மே முதல் ஆகஸ்டு வரை அங்கே ஒரு சோதனை நடந்தது. மின்தேவை குறைந்த சனி, ஞாயிறுகளில் நீர்மட்டத்தைத் தாழ்த்தி, ஏற்ற இறக்கமின்றி நிலையாக வைத்தார்கள். அந்த இரு நாள்களில் விளிம்பில் ஒட்டப்படும் முட்டைகள், மற்ற நாள்களில் நீர் எவ்வளவு இறங்கினாலும் மூழ்கியே இருக்கும். வாரநாள்களில் மின்னாக்கம் வழக்கம்போல் நடந்தது. அந்தக் கோடையிலேயே கேடிஸ் பூச்சிகளின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்ததாகப் பொறிகள் காட்டின. பின்வந்த சில ஆண்டுகளிலும் சோதனை நடந்தது. கேடிஸ் வளர்ந்த பூச்சியாகையில் மிட்ஜைவிடப் பன்மடங்கு பெரியது. அதைக் கட்ட 16ஆம் எண் முள் வேண்டும்.